நோயாளியின் சுருதி

பல ஆண்டுகள் விலகியிருந்துவிட்டு இசைச் சிகிச்சைக்குத் திரும்புகிறவர் கையில் முதலில் பழசாகிப் போயிருப்பது அவருடைய பாட்டுப் பட்டியல். அறுவை மருத்துவர் பத்தாண்டு கழித்துத் திரும்பினாலும் கல்லீரல் இருந்த இடத்திலேயே இருக்கும். கருவிகளைப் புதிதாகப் பழகிக்கொண்டால் போதும். எங்கள் தொழிலில் கையாளும் பொருளே இடம் மாறிவிடுகிறது. 2010-இல் 80 வயதாக இருந்தவர் 1930-இல் பிறந்தவர். 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தபோது அவருக்கு மீசை அரும்பும் வயது. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அவருக்குள் ஊறிய குரல்கள். 2025-இல் 80 வயதாகிறவர் 1945-இல் பிறந்தவர். ‘பாசமலர்’ வந்த 1961-இல் அவருக்கு 16. அவருக்குள் இருப்பவர்கள் சௌந்தரராஜனும் சுசீலாவும். அதே 2025-இல் 65-ஐத் தொடுகிறவர் ‘அன்னக்கிளி’ வந்த 1976-இல் 16 வயதுக்காரர். இளையராஜாவின் முதல் படத்துப் பாடல்கள் மறதிநோய் மையங்களின் வாசலுக்கு வந்துவிட்டன.

இந்தப் பதினாறு வயதுக் கணக்குக்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் வாழ்ந்தவையும் கேட்டவையும் முதுமையில் மற்றக் காலத்தைவிட அடர்த்தியாக நினைவுக்கு வரும் என்று உளவியலாளர்கள் பலமுறை கண்டு சொல்லியிருக்கிறார்கள். அல்சைமர் நோயில் பெற்ற மகளின் பெயர் நழுவிப்போன பிறகும் இளமையில் கேட்ட பாட்டு வரிவரியாக நிற்பதை இத்துறையில் வேலை பார்த்த எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் பாட்டு எது என்று தெரிந்திருப்பதுதான் எங்கள் வேலையின் பாதி.

நான் திரும்பி வந்தது சென்னையில் முதியவர்களுக்கான ஒரு பகல்நேர மையத்துக்கு. கையில் இருந்த பாட்டு நோட்டு முன்பு வேலை செய்த காலத்தில் எழுதியது. பாகவதர் பாட்டு ஒன்றை எடுத்ததும் அறையில் இருந்தவர்கள் மரியாதையோடு கேட்டார்கள். யாருடைய உதடும் அசையவில்லை. முடிந்ததும் ஒரு பெரியவர், “நல்லா இருந்துச்சும்மா. எங்கப்பா பாடுவாரு இத” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விலகியிருந்த காலம் முழுவதும் இருந்தது. அவர்களுடைய அப்பாக்கள்தான் எனக்குப் பழைய நோயாளிகள். அப்பாக்கள் போய்விட்டார்கள், பிள்ளைகள் அந்த நாற்காலிகளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகு நான் பாட்டை எடுத்துச் செல்வதைக் குறைத்துக்கொண்டேன், கேட்பதைக் கூட்டினேன். சினிமாவை மட்டும் வைத்து ஒரு தலைமுறையை அளந்துவிட முடியாது என்பது அப்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒருவருக்கு நாகூர் ஹனீபாவின் குரல் கேட்டால் முதுகு நிமிர்கிறது. இன்னொருவருக்குத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை, அதுவும் தேவாலயத்தில் ஆர்மோனியத்தோடு எல்லோரும் சேர்ந்து பாடிய மெதுவான நடையிலேயே வர வேண்டும். தென்கோடி மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குப் பல பாடல்கள் இலங்கை வானொலி வழியாகவே முதலில் காதில் விழுந்தவை. அவர்களுக்குப் பாட்டோடு சேர்ந்து அறிவிப்பாளரின் குரலும் அலைவரிசையின் இரைச்சலும் நினைவில் இருக்கின்றன. நாற்று நடவின்போது பாடிய பாட்டை வைத்திருக்கும் ஒரு பாட்டிக்கு அதை உட்கார்ந்துகொண்டு பாடத் தெரியவில்லை. எழுந்து நின்று இடுப்பை வளைத்தபோதுதான் அடுத்த அடி வந்தது. பாட்டு அவருடைய இடுப்பிலும் கைகளிலும் இருந்தது.

நான் இந்த வேலையை விட்டதற்கான காரணம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த காரணம். குழந்தை பிறந்தது. அவன் வளர்ந்துகொண்டிருக்கும்போது மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. நிரந்தரப் பணியிடம் இல்லாமல் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிற தொழிலில் இருக்கும் பெண்தான் இத்தகைய வேளையில் முதலில் வீட்டுக்குத் திரும்புவாள். யாரும் என்னை விடச் சொல்லவில்லை, நான் தொடர்வேன் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

மாமனாருக்கு மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலது கையும் பேச்சும் போயின. சொல்வது புரிந்தது, பதில் வாய்க்கு வரவில்லை. ஆனால் முருகன் பாட்டுகளை முழுவதும் பாடுவார், சொல் தவறாது. பேச்சு இழந்தவர் பாடுவதை மருத்துவர்கள் சில நூற்றாண்டுகளாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். 1973-இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் அதை ஒரு பயிற்சி முறையாக வகுத்தார்கள். அன்றாடம் தேவைப்படும் ஒரு சிறு தொடரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஏற்றமும் இறக்கமுமாக இரண்டே சுரங்களில் இழுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்ட வேண்டும். நாள்பட நாள்பட இசையைக் குறைத்துப் பேச்சை நெருங்க வேண்டும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையில் சுரம் ஏறும். தமிழில் அந்த அழுத்தம் அப்படி இல்லை. ‘தண்ணி வேணும்’ என்று சொல்லும்போது நாம் எங்கே நீட்டுகிறோமோ அந்த நெடிலில் குரலை ஏற்றுவது என் வழக்கம்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இதற்குத்தான் படித்திருந்தேன். இருந்தும் அந்த வீட்டில் நான் மருமகள். அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துத் தட்டி, “மாமா, என் வாயைப் பார்த்துச் சொல்லுங்க” என்று சொல்வது அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொன்ன மனிதர் அவர். நான் ஆரம்பித்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வெளியிலிருந்து வரும் சிகிச்சையாளருக்கு அந்த நாற்காலி ஓர் அனுமதியைத் தருகிறது என்பதை நான் கற்றது அங்கேதான். நோயாளி தன் இயலாமையைக் காட்டுவதற்கு, அதை நாளை ஊரில் சொல்லாத, அதற்காக இரங்கி அழாத ஓர் அந்நியர் வேண்டும்.

வழி என் மகனால் திறந்தது. தாத்தாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பாடுவான். அவனுக்குப் பாட்டு பாதிதான் தெரியும். அடியின் கடைசிச் சொல் வரும்போது நின்றுவிடுவான், தாத்தா அதை முடித்து வைப்பார். கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருப்பது எங்கள் பயிற்சியில் முறையாகச் சொல்லித்தரும் உத்தி. சிறுவன் அதை மறதியால் செய்தான். அதில் அவருக்குக் கௌரவக் குறைவு இல்லை, பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் அவர்தானே. சில தொடர்கள் அப்படி மீண்டன. தண்ணீர் கேட்டார், விளக்கை அணைக்கச் சொன்னார், என் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். முழுப் பேச்சு கடைசிவரை வரவில்லை. அது வரும் என்று சொல்லி யாரையும் நம்பவைக்கக் கூடாது என்ற உறுதியையும் அந்த வீடுதான் எனக்குக் கொடுத்தது.

இன்னொன்றையும் அந்த ஆண்டுகள் காட்டின. சிகிச்சையாளர் வந்து போவது முக்கால் மணி நேரம். மீதி இருபத்துமூன்றே கால் மணி நேரம் வீட்டில் இருப்பவர்களுடையது. மறதிநோய் உள்ளவர்களுக்கு மாலை நான்கு, ஐந்து மணிக்கு மேல் பதற்றம் கூடும். வீட்டுக்குப் போக வேண்டும் என்று, இருக்கும் வீட்டிலிருந்தே கிளம்புவார்கள். அப்போது சிகிச்சையாளர் இருக்க மாட்டார், விளக்கேற்றிவிட்டு அடுப்பைப் பார்க்கும் ஒரு பெண்தான் இருப்பாள். 1996-இல் மைக்கேல் தௌட்டும் அவருடைய குழுவினரும் பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தாளத்தோடு நடக்கும் பயிற்சியை மூன்று வாரம் வீட்டிலேயே செய்யவைத்தார்கள். நடையின் வேகமும் எட்டின் நீளமும் கூடின. அந்த ஆய்வை மாணவியாகப் படித்தபோது தாளம்தான் என் கண்ணில் பட்டது. இப்போது ‘வீட்டிலேயே’ என்ற சொல் கண்ணில் படுகிறது. இன்று ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் பத்து நிமிடத்தை நோயாளியின் மனைவிக்கோ மகனுக்கோ ஒதுக்குகிறேன். அவர்கள் கையில் ஒரு பாட்டும் ஒரு தாளமும் இருக்க வேண்டும், அடுப்படியிலிருந்தே பாடக் கூடியதாக இருக்க வேண்டும்.

நான் இல்லாத காலத்தில் தொழிலைச் சுற்றியிருந்த உலகமும் மாறியிருந்தது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது பலர் அமர்வுகளைக் காணொளிக்கு மாற்றினார்கள். இணைய வழியில் குரல் போய்ச் சேர ஒரு சிறு தாமதம் உண்டு. பேச்சுக்கு அது தடையில்லை, இருவர் சேர்ந்து பாட அது பெரிய தடை. அதனால் மாறி மாறிப் பாடும் முறையே பெருகியது. சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிப்பது இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அடிப்படை என்பதை அது இல்லாத காலம் உணர்த்தியது என்று அப்போது வேலை செய்த தோழிகள் சொன்னார்கள்.

இன்னொரு மாற்றம் செல்பேசியில். இந்த நோய்க்கு இந்த ராகம் என்ற பட்டியல்கள் முன்பும் இருந்தன. இப்போது அவை ஒவ்வொரு வீட்டிலும் இரவெல்லாம் ஓடுகின்றன. தூக்கத்துக்கு நீலாம்பரி, இரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி என்று எழுதிக்கொண்டு வந்து, “டோஸ் எவ்வளவுங்க மேடம்?” என்று உண்மையாகவே கேட்கிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் நீலாம்பரி தூக்கம் தருவது எப்படி என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பள்ளியறைப் பூசை வேளையில் நாகசுரத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, தாலாட்டில் அதைக் கேட்டவருக்கு, அந்த ராகத்தோடு இரவும் மடியும் சேர்ந்தே வருகின்றன. அப்படி வளராதவருக்கு அது இனிய ராகம், அவ்வளவே. தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் மெட்டு நெருக்கமாக இருக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கே வளர்ந்த ஒரு தாய்க்கு அந்த இழுவை எதை நினைவூட்டும் என்று கேட்காமல் பாடிவிட முடியாது.

நம் மரபும் ராகத்தை மாத்திரையாக்கவில்லை என்றே நான் படிக்கிறேன். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் பேர்பெற்ற சித்த மருத்துவர். மருந்தில் சம்பாதித்ததை இசை மாநாடுகளுக்குச் செலவிட்டார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார், 1917-இல் ‘கருணாமிர்த சாகர’த்தை வெளியிட்டார். மருத்துவத்தையும் இசையையும் கரைத்துக் குடித்த அந்த மனிதரின் பெருநூல் வாதாடுவது சுருதிகள் 22-ஆ 24-ஆ என்பதைப் பற்றி. முத்துசுவாமி தீட்சிதர் தம் சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலிக்காக வியாழன் மீது அடாணா ராகத்தில் கீர்த்தனை செய்தார் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. அந்தக் கதையிலும் பாட்டு பிறந்தது ஒருவருக்காக, அவர் ஜாதகத்தைப் பார்த்து. பாடித் தேறியவரும் அந்த ஒருவரே. வயிற்றுவலிக்காரர் எல்லோருக்கும் அடாணா என்று அந்தக் கதை சொல்லவில்லை.

படிக்காமல் விட்ட ஆய்வுகளைத் தேடிப் படித்த மாதங்கள் எனக்கு நல்ல மாதங்கள். நியூயார்க்கில் ஜோஆன் லோவி தலைமையில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்தது. அங்கே பெற்றோரிடம் அவர்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கேட்டு, அதையே தாலாட்டு நடைக்கு மாற்றிப் பாடினார்கள். எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்கலாம், அந்தக் குடும்பத்தின் பாட்டாக இருக்க வேண்டும். குழந்தைகளின் இதயத் துடிப்பு நிதானப்பட்டது, பெற்றோரின் பதற்றமும் தணிந்தது. இன்குபேட்டர் அருகே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் ஓர் அப்பாவுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது என்பதே பெரிய சிகிச்சை.

எல்லாச் செய்தியும் இனிப்பானதாக இல்லை. 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. ஐந்து மாத இசைச் சிகிச்சைக்குப் பிறகு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால், சமூக உறவு சார்ந்த அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதைப் படித்ததும் திரும்பிப் போகலாமா என்று தோன்றவில்லை. என்ன சொல்லித் திரும்ப வேண்டும் என்று தெளிந்தது. ஆட்டிசத்தைக் குறைப்பேன் என்று எந்தத் தாயிடமும் நான் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளை விரும்பும் ஒலியில் அவனோடு இருக்க ஒரு வழியைத் தேடுவோம், அதை உங்களுக்கும் காட்டுவேன் என்று சொல்வேன். அவ்வளவு சொல்ல எனக்கு உரிமை உண்டு.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிக்கிற காலத்தில் ஐந்தரைக் கட்டையில் பாடிய குரல் இன்று நாலரைக் கட்டையில்தான் சௌகரியமாக நிற்கிறது. மேடைக் கலைஞருக்கு அது கவலை. எனக்கு அது வேலையைச் சுலபமாக்கியது. முதியவர்கள் பாடக் கூடிய உயரமும் இறங்கியிருக்கிறது, மூச்சு குறைந்திருக்கிறது. ஐந்தரைக் கட்டையில் பாடும் இளம்பெண்ணோடு சேர்ந்து பாட அவர்களால் முடியாது, கேட்கத்தான் முடியும். இப்போது சுருதியை முதலில் வைத்துக்கொண்டு பாடத் தொடங்குவதில்லை. நோயாளி ஒரு சொல் பேசட்டும், முனகட்டும் என்று காத்திருந்து, அந்தக் குரல் நிற்கும் இடத்தை ஆதார சட்ஜமாக வைத்துக்கொள்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் 1940-களில் எழுதியது இதற்கு நெருக்கமானது: நோயாளி இருக்கும் மனநிலையிலேயே இசையைத் தொடங்கு, பிறகு மெல்ல மெல்ல நகர்த்து. பதறி நடப்பவரிடம் மெதுவான பாட்டோடு போனால் அவர் விலகிவிடுவார். அவர் அடி வைக்கும் வேகத்தில் தொடையைத் தட்டிக்கொண்டே கூட நடந்தால், சிறிது நேரத்தில் அவரும் சேர்ந்து வேகம் குறைப்பார். இளமையில் எனக்கு இது பாடமாகத் தெரியும். அன்று நன்றாகப் பாட வேண்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தது. அந்த ஆசை அடங்கிய பிறகு வந்திருப்பதால் காது விசாலமாகியிருக்கிறது.

ஆகவே திரும்பி வருகிறவரிடம் பழசாகியிருப்பது எது, பக்குவப்பட்டிருப்பது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பாட்டுப் பட்டியல், ஆய்வறிவு, மருத்துவமனை நடைமுறை இவையெல்லாம் பழசாகும். சில மாதங்களில் புதுப்பித்துக்கொள்ளக் கூடியவை. காத்திருக்கும் பொறுமையும், வீட்டுக்குள் நோய் எப்படி வாழ்கிறது என்ற அறிவும் பட்டப்படிப்பில் வராதவை. பிரிட்டனில் இசைச் சிகிச்சையாளர் என்ற பெயரே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அங்கே இரண்டு முதல் ஐந்தாண்டு விலகியிருந்தவர் 30 நாளும், அதற்கு மேல் விலகியிருந்தவர் 60 நாளும் அறிவைப் புதுப்பித்துவிட்டு வரலாம் என்று விதி வகுத்தார்கள். மேற்பார்வையில் செய்யும் வேலையும் அதில் சேரும், வீட்டிலிருந்து படிப்பதும் ஓரளவுக்குச் சேரும். விலகியதைக் குற்றமாகக் கருதாத விதி அது. நம் ஊரில் இந்தத் தொழிலின் பெயர்ப் பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம். முறையாகப் படித்துவிட்டு விலகியவர் திரும்பி வருவதற்கான படி மட்டும் இல்லை. புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் போல மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இசைச் சிகிச்சையைப் பாடமாக வைத்திருக்கும் இடங்கள், திரும்பி வருகிறவர்களுக்கு இரண்டு மாதம் மேற்பார்வையோடு வேலை தரும் ஓர் ஏற்பாட்டைச் செய்தால், வீடுகளுக்குள் இருக்கும் பல தேர்ந்த காதுகள் வார்டுகளுக்கு வரும்.

வாசகரிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பா, அம்மா, அத்தை, தாத்தா யாராக இருந்தாலும் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய பாட்டுகளைக் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டின் பெயர் மட்டும் போதாது. யார் பாடியது, முதலில் எங்கே கேட்டது, யாரோடு கேட்டது என்பதையும் எழுதுங்கள். கேட்கவே பிடிக்காத பாட்டு உண்டா, அது எந்தச் சாவை, எந்தப் பிரிவை நினைவூட்டுகிறது என்பதையும் கேளுங்கள். அதுவும் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். மருத்துவக் கோப்பில் இரத்த வகை எழுதியிருக்கும் தாளுக்குப் பக்கத்தில் அந்தத் தாளையும் வையுங்கள். ஒருநாள் அவர்களால் அதைச் சொல்ல முடியாமல் போகலாம். அன்று எங்களைப் போன்ற ஒருவர் வந்து அவர்கள் எதிரில் உட்காரும்போது, முதல் பாட்டு எது என்று தெரிந்தே தொடங்குவோம்.